முன்நீரிழிவைக் கண்டறியும் இரத்தச் சோதனைகள்: ஓர் ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

இரத்தச் சர்க்கரை இயல்பளவைக் கடந்தும் நீரிழிவுக்குரிய எல்லையை எட்டாமலும் நிற்கும் நிலை முன்நீரிழிவு எனப்படுகிறது. இதனைக் கண்டறிய வெறும் வயிற்றுச் சர்க்கரைச் சோதனை, குளுக்கோஸ் தாங்குதிறன் சோதனை, ஹெச்பிஏ1சி சோதனை ஆகிய மூன்றும் பயன்படுகின்றன. இவை ஒன்றுக்கொன்று மாற்றாக அமையும் என்பது பொதுவான எண்ணம். ஆயினும் இவை உடலின் வெவ்வேறு செயல்களை அளக்கின்றன. ஆதலால் வெவ்வேறு மனிதரைச் சுட்டுகின்றன. இக்கட்டுரை மூன்று சோதனைகளின் அடிப்படை, எல்லை எண்கள், பிழை நேரும் இடங்கள் ஆகியவற்றை ஒப்பிடுகிறது. இரத்தசோகை மிகுந்த தமிழ்நாட்டுச் சூழலில் எச்சோதனையை யாருக்குத் தேர்வது என்பதையும் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: முன்நீரிழிவு, வெறும் வயிற்றுச் சர்க்கரை, குளுக்கோஸ் தாங்குதிறன், ஹெச்பிஏ1சி, இரத்தசோகை, நீரிழிவுத் தடுப்பு.

முன்னுரை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2008 முதல் 2020 வரை பல கட்டங்களாக நடத்திய நாடு தழுவிய நீரிழிவுக் கணக்கெடுப்பின் முடிவுகள் 2023இல் வெளியாயின. 1,13,043 பேரிடம் மேற்கொள்ளப்பட்ட அவ்வாய்வு, வயது வந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவும் 15.3 விழுக்காட்டினருக்கு முன்நீரிழிவும் இருப்பதாகக் கண்டது. நாட்டின் மக்கள்தொகைக்கு இதனை விரித்துக் கணக்கிட்டால், ஏறத்தாழ 13.6 கோடிப் பேர் முன்நீரிழிவு நிலையில் உள்ளனர்.

முன்நீரிழிவுக்கு அறிகுறி என்று சொல்லத்தக்கது பெரும்பாலும் எதுவுமில்லை. இரத்தச் சோதனையே அதனை அறியும் வழி. எனவே எந்தச் சோதனை செய்யப்படுகிறது என்பதைப் பொறுத்தே, ஒருவர் முன்நீரிழிவு உள்ளவர் என்றோ இல்லாதவர் என்றோ பெயர் பெறுகிறார். ஒரே நாளில் ஒரே மனிதரிடம் மூன்று சோதனைகளையும் செய்தால், ஒன்று மிகை என்றும் மற்ற இரண்டும் இயல்பு என்றும் காட்டுவது அரிதன்று. இம்முரண் ஆய்வகத்தின் தவறால் மட்டும் விளைவதன்று. சோதனைகளின் இயல்பிலேயே அமைந்தது. இதனை உணராதபோது, காக்கப்பட வேண்டியவர் ‘இயல்பு’ என்ற சொல்லோடு திருப்பி அனுப்பப்படுவதும், சர்க்கரை மிகாதவர் நோயாளியாக்கப்படுவதும் நேர்கின்றன.

எல்லை எண்களும் அவற்றின் வரலாறும்

முன்நீரிழிவுக்குரிய எல்லை எண்கள் காலந்தோறும் மாறி வந்துள்ளன. முதலில் வரையறுக்கப்பட்டது குளுக்கோஸ் தாங்குதிறன் குறைவு ஆகும். 1979, 1980ஆம் ஆண்டுகளில் அமெரிக்க நீரிழிவுத் தரவுக் குழுவும் உலக சுகாதார நிறுவனமும் இதனைத் தனி நிலையாக ஏற்றன. குளுக்கோஸ் பருகிய இரண்டு மணி நேரத்தில் இரத்தச் சர்க்கரை 140 முதல் 199 மி.கி./டெ.லி. வரை இருப்பது இன்று இந்நிலைக்குரிய அளவு. இவ்வளவில் அமைப்புகளிடையே வேறுபாடு இல்லை.

வெறும் வயிற்றுச் சர்க்கரையில் அத்தகைய உடன்பாடு இல்லை. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 1997இல் 110 மி.கி./டெ.லி. என்னும் கீழெல்லையை வகுத்து, 2003இல் அதனை 100 ஆகக் குறைத்தது. உலக சுகாதார நிறுவனம் 110 என்னும் எல்லையையே தொடர்கிறது. இருவருக்கும் மேலெல்லை 125 ஆகும். எனவே 105 மி.கி./டெ.லி. அளவு பெற்ற ஒருவர் முதல் வரையறையின்படி முன்நீரிழிவு உள்ளவர், இரண்டாவதன்படி இயல்பானவர். மேற்சொன்ன இந்தியக் கணக்கெடுப்பு உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையைப் பின்பற்றியது. கீழெல்லை 100 எனக் கொண்டால், முன்நீரிழிவு உள்ளோரின் எண்ணிக்கை இயல்பாகவே இன்னும் உயரும்.

ஹெச்பிஏ1சி சோதனையிலும் இவ்வேறுபாடு உண்டு. 2009இல் கூடிய பன்னாட்டு வல்லுநர் குழு 6.0 முதல் 6.4 விழுக்காடு வரையிலான அளவை மிகு இடர் நிலை எனக் குறித்தது. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2010இல் 5.7 முதல் 6.4 வரை என விரித்தது. உலக சுகாதார நிறுவனம் 2011இல் நீரிழிவை உறுதிசெய்ய 6.5 என்னும் அளவை ஏற்றது. அதற்குக் கீழான அளவுகளை வைத்து முன்நீரிழிவை வரையறுக்கப் பரிந்துரை எதுவும் செய்யவில்லை.

வெறும் வயிற்றுச் சர்க்கரைச் சோதனை

இரவு முழுவதும் உண்ணாதிருக்கும் நேரத்தில், மூளைக்கும் பிற உறுப்புகளுக்கும் தேவையான குளுக்கோஸைக் கல்லீரலே பெரும்பாலும் வெளியிடுகிறது. இன்சுலின் அவ்வெளியீட்டைக் கட்டுக்குள் வைக்கிறது. கல்லீரல் இன்சுலினுக்குச் சரிவரப் பணியாதபோது காலை நேரச் சர்க்கரை உயர்கிறது. ஆகவே இச்சோதனை முதன்மையாகக் கல்லீரலின் நிலையைக் காட்டுகிறது எனலாம்.

இச்சோதனையின் சிறப்பு எளிமையும் குறைந்த செலவுமாகும். குறைந்தது எட்டு மணி நேரம் உண்ணாதிருந்து, ஒரே முறை இரத்தம் கொடுத்தால் போதும். காபியோ தேநீரோ அருந்திவிட்டு வருவது சோதனையைப் பயனற்றதாக்கும். வெறும் நீர் அருந்துவதற்குத் தடையில்லை.

எடுத்த இரத்தத்தைக் கையாளும் முறை இச்சோதனையின் நம்பகத்தைப் பெரிதும் பாதிக்கிறது. குழாயில் உள்ள இரத்த அணுக்கள் தொடர்ந்து குளுக்கோஸை உண்கின்றன. பிளாஸ்மாவைப் பிரிக்காமல் அறை வெப்பத்தில் வைத்திருந்தால் மணிக்கு ஏறத்தாழ 5 முதல் 7 விழுக்காடு வரை சர்க்கரை குறைகிறது. ஊரில் காலையில் எடுத்த இரத்தம் நகரத்து ஆய்வகத்தை இரண்டு மணி நேரம் கழித்து அடைந்தால், 112 என்றிருந்த அளவு 100க்கும் கீழே காட்டக்கூடும். இதனைத் தடுக்கச் சாம்பல் நிற மூடியுள்ள குழாயில் சோடியம் புளோரைடு சேர்க்கப்படுகிறது. ஆனால் அது குளுக்கோஸ் சிதைவை உடனடியாக நிறுத்துவதில்லை. முழுமையாகச் செயற்பட ஒன்றிரண்டு மணி நேரமாவது ஆகிறது. பனிக்கட்டியில் வைத்து விரைந்து பிளாஸ்மாவைப் பிரிப்பதே பாதுகாப்பான வழி.

ஒரே மனிதரின் வெறும் வயிற்று அளவு நாளுக்கு நாள் ஏறத்தாழ 5 முதல் 6 விழுக்காடு மாறுபடுகிறது. இன்று 103 என வந்தவருக்கு அடுத்த வாரம் 97 என வரக்கூடும். எல்லையை ஒட்டிய ஒற்றை அளவைக் கொண்டு முடிவு செய்தல் இக்காரணத்தாலும் பொருந்தாது.

குளுக்கோஸ் தாங்குதிறன் சோதனை

உணவு உண்டபின் இரத்தத்தில் சேரும் குளுக்கோஸின் பெரும்பகுதியைத் தசைகள் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்குக் கணையம் உரிய நேரத்தில் போதிய இன்சுலினைச் சுரக்க வேண்டும். தசைகள் இன்சுலினுக்குப் பணியாதபோதும், உண்டவுடன் எழ வேண்டிய இன்சுலின் சுரப்பு தாழ்ந்து மந்தமாகும்போதும், இரண்டாவது மணியில் சர்க்கரை இறங்காமல் நிற்கிறது. உடலுக்குக் குறிப்பிட்ட சுமையொன்றைக் கொடுத்து அது தாங்குகிறதா என்று பார்ப்பதே இச்சோதனை. ஓய்வில் இயல்பாகத் துடிக்கும் இதயத்தின் குறை நடக்கும்போது வெளிப்படுவதுபோல, வெறும் வயிற்றில் வெளிப்படாத குறை இங்கு வெளிப்படுகிறது.

சோதனைக்கு முந்தைய மூன்று நாட்களாவது வழக்கமான சோற்றுணவைக் குறைக்காமல் உண்டிருக்க வேண்டும். நாளொன்றுக்கு 150 கிராமுக்குக் குறையாத மாவுச்சத்து அதற்குரிய அளவு. சோதனைக்கு அஞ்சி முன்னதாகவே சோற்றைக் குறைத்து வருபவருக்கு முடிவு பொய்யாக உயரக்கூடும். எட்டு மணி நேரத்துக்கு மேல் உண்ணாதிருந்து, முதல் இரத்தம் கொடுத்தபின், 75 கிராம் நீரற்ற குளுக்கோஸை 250 முதல் 300 மில்லி லிட்டர் நீரில் கரைத்து ஐந்து நிமிடத்துக்குள் பருக வேண்டும். நீர்சேர்ந்த குளுக்கோஸ் மாவு பயன்படுத்தப்பட்டால் அதற்கு நிகரான எடை 82.5 கிராம் ஆகும். பின்னர் இரண்டு மணி நேரம் நடக்காமலும் புகைக்காமலும் அமர்ந்திருக்க வேண்டும்.

இச்சோதனையின் குறைகள் வெளிப்படையானவை. நாட்கூலி பெறுபவர் அரைநாள் ஊதியத்தை இழக்கிறார். சிலருக்கு இனிப்பு நீர் குமட்டலை உண்டாக்குகிறது. ஒரே மனிதரிடம் இரண்டாம் மணி அளவு நாளுக்கு நாள் ஏறத்தாழ 17 விழுக்காடு மாறுபடுகிறது. மூன்று சோதனைகளில் மிகுதியான மாறுபாடு இதுவே. ஒருநாள் 150 என வந்தவர் வேறொரு நாள் 130 பெறக்கூடும்.

காத்திருப்பைக் குறைக்கும் முயற்சியாகப் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 2024இல் ஒரு மணி நேர அளவைப் பரிந்துரைத்தது. குளுக்கோஸ் பருகிய ஒரு மணி நேரத்தில் 155 மி.கி./டெ.லி. அல்லது அதற்கு மேல் இருப்பது இடைநிலை மிகைச் சர்க்கரை எனவும், 209 அல்லது அதற்கு மேல் இருப்பது நீரிழிவு எனவும் அது வரையறுத்தது.

ஹெச்பிஏ1சி சோதனை

சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினோடு இரத்தத்துக் குளுக்கோஸ் மெல்லச் சேர்ந்து பிணைகிறது. சர்க்கரை மிகுந்தால் பிணைப்பும் மிகும். சிவப்பணுவின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள் ஆதலால், பிணைந்த ஹீமோகுளோபினின் விகிதம் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் குறிக்கிறது. மக்கள் வழக்கில் இது ‘மூன்று மாதச் சர்க்கரை’ எனப்படுவது இதனால்தான்.

உண்ணாதிருக்க வேண்டியதில்லை, எந்நேரத்திலும் இரத்தம் கொடுக்கலாம். முந்தைய நாள் திருமண விருந்தும் அன்றைய மன உளைச்சலும் முடிவை மாற்றுவதில்லை. ஒரே மனிதரிடம் காணும் மாறுபாடு ஏறத்தாழ 3.6 விழுக்காடு மட்டுமே. குழாயில் குளுக்கோஸ் குறைவதும் இதனைப் பாதிப்பதில்லை. இவை பெருஞ்சிறப்புகள்.

ஆயினும் சராசரி என்பதே இதன் குறையுமாகும். உண்டபின் மட்டும் 170 வரை உயர்ந்து மற்ற நேரங்களில் 90இல் நிற்கும் ஒருவருக்குச் சராசரி இயல்பாகவே அமையலாம். தாங்குதிறன் குறைவு உள்ளோரில் பலரை இச்சோதனை தவறவிடுவது இக்காரணத்தால்தான். மேலும் முன்நீரிழிவுக்குரிய இடைவெளி மிகக் குறுகியது, 5.7 முதல் 6.4 வரை, அதாவது ஒரு விழுக்காட்டுப் புள்ளிக்கும் குறைவு. ஆய்வகத்தின் அளவீட்டில் 6 விழுக்காட்டுப் பிழை நேர்ந்தாலும், உண்மையில் 5.7 உள்ளவரின் முடிவு 5.4 எனவோ 6.0 எனவோ வரக்கூடும். பன்னாட்டுத் தரப்படுத்தலுக்கு உட்பட்ட முறையில் அளக்கும் ஆய்வகத்தைத் தேர்வது இதனால் இன்றியமையாததாகிறது.

இரத்தசோகையும் ஹெச்பிஏ1சியும்

ஹெச்பிஏ1சி சர்க்கரையை நேராக அளப்பதில்லை. சிவப்பணுவின் வழியாக அளக்கிறது. சிவப்பணுவின் வாழ்நாள் மாறினால் சர்க்கரை மாறாமலேயே முடிவு மாறும். இரும்புச்சத்துக் குறைபாட்டில் இரத்தத்தில் முதிய சிவப்பணுக்களின் பங்கு கூடுவதால் அளவு உயர்ந்து காட்டக்கூடும். இரும்புச்சத்து மாத்திரை உட்கொண்டு புதிய சிவப்பணுக்கள் பெருகும்போது அது தாழ்கிறது. சிவப்பணுக்கள் விரைந்து அழியும் நோய்கள், அண்மையில் நேர்ந்த இரத்தப்போக்கு, இரத்தம் ஏற்றுதல் ஆகியவையும் அளவைத் தாழ்த்திக் காட்டும். கருவுற்ற காலத்திலும் சிறுநீரகம் பழுதுற்றோரிடத்தும் இம்முடிவை அப்படியே ஏற்க இயலாது.

தமிழ்நாட்டுக்கு இது சிறு விதிவிலக்கு அன்று. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கும், தமிழ்நாட்டுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை உள்ளது. பாதிக்கு மேற்பட்ட பெண்களிடம் சிவப்பணுவின் இயல்பே மாறியிருக்கக்கூடும் என்னும் நிலையில், அச்சிவப்பணுவை மட்டும் நம்பிச் சர்க்கரையை மதிப்பிடுவது பிழைக்கு இடமளிக்கும். எடுத்துக்காட்டாக, மாதவிடாய்ப் பெருக்கால் சோகையுற்ற நாற்பது வயதுப் பெண்ணொருவரின் முடிவு 5.9 எனக் கொள்வோம். அவருடைய வெறும் வயிற்று அளவும் இரண்டு மணி அளவும் இயல்பாயின், முதலில் நீக்க வேண்டியது சோகையேயன்றிச் சர்க்கரையன்று. 

ஹீமோகுளோபினின் மரபுவழி மாற்றங்களும் கருதத்தக்கவை. நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாள் செல் பண்பு இருப்பது 1952ஆம் ஆண்டிலேயே பதிவாகியுள்ளது. இத்தகைய பண்பு உடையோரிடம், அளவிடும் கருவியின் வகையைப் பொறுத்து ஹெச்பிஏ1சி பிழைபடக்கூடும். அரிவாள் செல் நோய் முழுமையாக உள்ளோரிடம் இச்சோதனை பயன்படாது. இவ்வகையினருக்கு நேரடிச் சர்க்கரைச் சோதனைகளே ஏற்றவை.

தடுப்பு ஆய்வுகள் காட்டுவது

முன்நீரிழிவைக் கண்டறிவதன் நோக்கம் பெயரிடுவதன்று, நீரிழிவைத் தடுப்பதாகும். தடுக்க முடியும் என்பதற்கான சான்று யாரிடமிருந்து கிடைத்தது என்பதை நோக்குவது இங்குப் பொருத்தமுடையது. சீனத்தின் தாச்சிங் ஆய்வு, 2001இல் வெளியான பின்லாந்து ஆய்வு, 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஆகிய மூன்றும் குளுக்கோஸ் தாங்குதிறன் குறைவு உள்ளவர்களையே தேர்ந்தெடுத்தன. பின்லாந்திலும் அமெரிக்காவிலும் வாழ்க்கைமுறை மாற்றம் நீரிழிவு வருவதை 58 விழுக்காடு குறைத்தது.

சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வும் அவ்வழியையே பின்பற்றியது. தாங்குதிறன் குறைவு மறுசோதனையிலும் உறுதிப்பட்ட 531 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். மூன்றாண்டில், பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55.0 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு ஆளாயினர். வாழ்க்கைமுறை மாற்றத்தை மேற்கொண்டவர்களில் இது 39.3 விழுக்காடாகவும், மெட்பார்மின் உட்கொண்டவர்களில் 40.5 விழுக்காடாகவும் இருந்தது. கவனிப்பாரின்றி விடப்பட்டால் இரண்டில் ஒருவர் மூன்றாண்டில் நீரிழிவை அடையக்கூடிய இக்குழுவை முழுமையாக அடையாளம் காட்டுவது இரண்டு மணி நேரச் சோதனை மட்டுமே.

2016இல் வெளியான மற்றொரு சென்னை ஆய்வு 578 பேரிடம் நடந்தது. இதில் வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் மிகுந்தவர்களும் சேர்க்கப்பட்டனர். ஒட்டுமொத்தமாக நீரிழிவு வருவது 32 விழுக்காடு குறைந்தது. தாங்குதிறன் மட்டும் குறைந்தவர்களில் 31 விழுக்காடும், இரு குறைகளும் உடையவர்களில் 36 விழுக்காடும், வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் மிகுந்தவர்களில் 12 விழுக்காடும் குறைவு காணப்பட்டது. இவ்வேறுபாடு புள்ளியியல் நோக்கில் உறுதிப்படவில்லை. ஆதலால் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. எனினும் முன்நீரிழிவு என்னும் ஒரே பெயரின்கீழ் வெவ்வேறு உடல்நிலைகள் அடங்கியுள்ளன என்னும் கருத்தோடு இது இயைகிறது.

முன்நீரிழிவுச் சோதனையாகக் கொள்ளத்தகாதவை

‘சாப்பிடும் முன், சாப்பிட்ட பின்’ என இரு முறை இரத்தம் எடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டு ஆய்வகங்களில் பரவலாக உள்ளது. இதன் இரண்டாம் பகுதி குளுக்கோஸ் தாங்குதிறன் சோதனைக்கு நிகரானதன்று. இரண்டு இட்டிலி உண்டவரும் நெய்ப்பொங்கல் உண்டவரும் ஒரே சுமையை ஏற்றவராகார். நீரிழிவுக்கு மருந்து உட்கொள்பவரின் கட்டுப்பாட்டை அறிய இது உதவும். முன்நீரிழிவை வரையறுக்க இதற்கென ஏற்கப்பட்ட எல்லை எண் இல்லை.

வீடுதேடி வரும் சுகாதாரப் பணியாளர் விரல்நுனியில் குத்திப் பார்க்கும் சோதனையும் அத்தகையதே. மிகுந்த சர்க்கரை உள்ளவரை விரைந்து கண்டு மருத்துவமனைக்கு அனுப்புவதில் இதன் பணி பெரிது. ஆனால் உண்ட நேரம் அறியாமல் எடுத்த 120 என்னும் அளவு, முன்நீரிழிவு இல்லை என்பதற்குச் சான்றாகாது.

தேர்ந்து பயன்படுத்தும் முறை

அனைவருக்கும் எல்லாச் சோதனைகளையும் செய்வது இயலாது, தேவையுமன்று. முதற்படியாக, இரத்தம் எடுக்காமலேயே இடரை மதிப்பிடலாம். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை 2005இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு இடர் மதிப்பெண் இதற்குப் பயன்படுகிறது. வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நீரிழிவு இருந்தமை ஆகிய நான்கைக் கொண்டு நூற்றுக்குக் கணக்கிடப்படும் இதில் 60 அல்லது அதற்கு மேல் பெறுபவர் மிகு இடர் உடையவர். ஓர் அளவுநாடாவே இதற்குப் போதும்.

இரண்டாம் படியாக, மிகு இடர் உடையவருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரையும், இரத்தசோகை இல்லையெனில் ஹெச்பிஏ1சியும் பார்க்கலாம். ஹெச்பிஏ1சியோடு ஹீமோகுளோபின் அளவையும் சேர்த்துப் பார்ப்பது முடிவைப் பொருள்கொள்ள உதவும்.

மூன்றாம் படியாக, குளுக்கோஸ் தாங்குதிறன் சோதனையைத் தேவைப்படுவோருக்கு ஒதுக்கலாம். வெறும் வயிற்று அளவு எல்லையைத் தாண்டியவர், இரு சோதனைகளின் முடிவுகள் முரண்படுபவர், இரத்தசோகையாலோ ஹீமோகுளோபின் மாற்றத்தாலோ ஹெச்பிஏ1சி பொருந்தாதவர், பிற முடிவுகள் இயல்பாயினும் இடர் மதிப்பெண் மிக உயர்ந்தவர் ஆகியோர் இவ்வகையினர். கருவுற்ற காலத்தில் நீரிழிவு கண்ட பெண்களுக்கு மகப்பேற்றுக்குப் பின் 4 முதல் 12 வாரத்துக்குள் இச்சோதனை பரிந்துரைக்கப்படுகிறது. அக்காலத்தில் இரத்தப்போக்கும் சிவப்பணு மாற்றமும் ஹெச்பிஏ1சியை நம்பத்தகாததாக்குகின்றன.

இச்சோதனை சிற்றூர்களுக்கு எட்டாதது என்னும் வாதம் முழுமையாகப் பொருந்தாது. தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில், கருவுற்ற பெண்களுக்கு 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்கும் முறை ஏற்கெனவே வழக்கத்தில் உள்ளது. அதே ஏற்பாட்டைத் தேர்ந்தெடுத்த பிறருக்கும் விரிவாக்குவது இயலக்கூடியதே.

எச்சோதனையாயினும் எல்லையை ஒட்டிய முடிவை மறுமுறை சோதித்து உறுதிசெய்தல் வேண்டும். முடிவை எழுதித் தரும்போது எந்தச் சோதனை, யாருடைய எல்லை எண், இரத்தம் எடுத்த நேரம் ஆகிய மூன்றையும் குறிப்பிடுவது பின்வரும் மருத்துவருக்கு உதவும்.

முடிவுரை

வெறும் வயிற்றுச் சர்க்கரை காலை நேரத்துக் கல்லீரலையும், தாங்குதிறன் சோதனை உணவுக்குப் பிந்தைய தசையையும் கணையத்தையும், ஹெச்பிஏ1சி மூன்று மாதச் சராசரியைச் சிவப்பணுவின் வழியாகவும் காட்டுகின்றன. முதலாவது எளிது, ஆனால் உண்டபின் எழும் குறையைக் காணாது. இரண்டாவது தடுப்பு ஆய்வுகளின் சான்றோடு நெருங்கிய தொடர்புடையது; ஆனால் நேரமும் பொறுமையும் வேண்டுவது, நாளுக்கு நாள் மாறுவது. மூன்றாவது நிலையானது, ஆனால் இரத்தசோகை உள்ளவரிடம் தவறக்கூடியது.

ஒரு சோதனையின் இயல்பான முடிவு அச்சோதனை அளக்கும் பகுதி இயல்பாக உள்ளது என்பதையே தெரிவிக்கிறது. மிகு இடர் உடைய ஒருவரை அம்முடிவை மட்டும் கொண்டு விடுவிப்பதும், சோகையுற்ற ஒருவரை ஒற்றை ஹெச்பிஏ1சி அளவைக் கொண்டு முன்நீரிழிவு உள்ளவர் என்பதும் தவிர்க்கத்தக்கவை. சோதனையைத் தேர்வதற்கு முன் சோதிக்கப்படுபவரின் வயது, குடும்ப வரலாறு, இடுப்புச் சுற்றளவு, இரத்தசோகை ஆகியவற்றை அறிதல் வேண்டும். அவ்வாறு தேர்ந்த சோதனையே, நீரிழிவைத் தடுக்கக் கிடைக்கும் சில ஆண்டுகளை வீணாக்காமல் காக்கும்.